பொன்னை அறிதலும் பொன்னைத் துறத்தலும்

திருச்சிற்றம்பலம்

மெய்யடியார்க்கு இலக்கணம் வகுக்கப் புகுந்த சேக்கிழார் பெருமான், அவர்கள் உடைந்த ஓட்டையும் பொன்னையும் ஒரு தன்மையாகவே நோக்குவர் எனத் திருத்தொண்டர் புராணத்துள் அருளிச்செய்தார். சைவ நன்மக்கள் யாவரும் இதனை அறிவர். ஆயினும் இதன் கருத்து யாது என்பதில் ஒரு மயக்கம் நெடுநாளாக உலவி வருகின்றது. ஓட்டையும் பொன்னையும் ஒப்ப நோக்குதலாவது, இஃது ஓடு, இது பொன் எனப் பகுத்தறியாமையோ? அங்ஙனமாயின், ஒன்றும் அறியாத பச்சிளங் குழவியும் மெய்யடியார் வரிசையில் வைத்து எண்ணப்படுதல் வேண்டும். அன்றிப் பகுத்தறிந்த பின்னரும் ஒப்ப நோக்குதலோ? அங்ஙனமாயின், அறிவு வேறென்று காட்டியதனை உள்ளம் ஒன்றென்று கொள்வது பொய்யாகாதோ? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பொன்னைத் தேடுவாரிடத்தும் துறப்பாரிடத்தும் ஒருங்கே எழுவது. ஆதலின் இதனை ஆராய்ந்து தெளிதல் பயனுடைத்து.

சென்னை மாநகர்க்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்கள் உள. அவற்றை அடுத்து, சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பதிகம் பெற்ற திருமுல்லைவாயிலும், திருஞானசம்பந்த சுவாமிகள் திருப்பதிகம் பெற்ற திருவேற்காடும், பூசலார் நாயனார் வாழ்ந்தருளிய திருநின்றவூரும் விளங்குகின்றன. இந்நிலப்பகுதியில் வீட்டிற்குக் கடைகால் தோண்டுவோரும், கிணறு அகழ்வோரும், கோடையில் நீர் வற்றிய ஏரியில் நடப்போரும், மண்ணிடையே மஞ்சளாக மின்னும் துகளைக் கண்டு பொன்னோ என ஐயுறுதல் உண்டு. ஓய்வு நாளிற் சிறு சுத்தியலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஏந்திச் சென்று, கற்களைப் பொறுக்கி இனம் பிரித்தறிதலையே பொழுதுபோக்காகக் கொண்டாரும் உளர். இவர்களுட் பொன்னாசை கொண்டார் படும் பாடு மேற்கூறிய வினாவிற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

முதற்கண் அந்நிலத்தின் இயல்பு அறியத்தக்கது. மேலே பரந்து கிடப்பது ஆறுகள் கொணர்ந்த வண்டலும் களியும். பூவிருந்தவல்லி, செங்குன்றம் முதலிய பக்கங்களில் இரும்பின் சேர்க்கையாற் சிவந்த செம்புரைக்கல்லும், அதனொடு கலந்த கூழாங்கற்களும் காணப்படும். திருப்பெரும்பூதூர்ப் பக்கத்துக் களிப்பாறையைப் பிளந்தால், எண்ணற்ற ஆண்டுகட்கு முன்னர் வாழ்ந்த மரஞ்செடிகளின் இலைச் சுவடுகள் அதனுட் பதிந்திருக்கக் காணலாம். தெற்கே பல்லாவரத்திலும் பறங்கிமலையிலும் உள்ளது திண்ணிய கருங்கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரது கல்லறைக்கு இக்கல்லே கொண்டு செல்லப்பட்டமையால், நிலநூலறிஞர் தாமஸ் ஹாலந்து 1893-ஆம் ஆண்டில் இதற்குச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். பொன்னோ எனின், கோலாரிற் போல மிகப் பழைய பாறைகளை ஊடறுத்து ஓடும் வெண்பளிங்குக் கொடிகளில் விளைவது. அத்தகைய பொற்கொடி இவ்வூர்ப் பக்கங்களிற் கண்டறியப்பட்டதில்லை.

அற்றேல், மண்ணில் மின்னுவது யாது? பெரும்பாலும் அஃது அப்பிரகமே. கருநிற அப்பிரகம் வெயிலும் மழையும் பட்டு நாட்பட நாட்படப் பொன்னிறம் எய்தும். நீருட் கிடக்கும்போது அதன் ஒளி கண்ணைப் பறிக்கும். தமிழ்மக்கள் அதற்குக் காக்கைப்பொன் எனப் பெயரிட்டமை, அம்மயக்கம் பண்டே உண்டென்பதையும், பண்டே தெளியப்பட்டதென்பதையும் ஒருங்கே காட்டும். கருங்கற் சல்லியில் மின்னும் மற்றொன்று, இரும்பும் கந்தகமும் கூடிய பைரைட்டு என்னும் தாது. அதன் நிறமும் பளபளப்பும் காக்கைப்பொன்னினும் மிகுதியாகப் பொன்னை ஒத்திருத்தலின், அதனால் ஏமாந்தார் உலகெங்கும் பலர்.

இவற்றைப் பொன்னினின்றும் பிரித்தறிதல் அரிதன்று. பொன் நீரினும் 19 மடங்குக்கு மேற்பட்ட எடையுடையது. பைரைட்டு 5 மடங்கு அளவினது. அப்பிரகம் ஏறத்தாழ 3 மடங்கே. ஆதலின் மரவையில் மண்ணை இட்டு நீர்விட்டுச் சுழற்றினால், அப்பிரகம் நீரொடு மிதந்து ஓடும். பொன் துகள் அடியிலேயே தங்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொன் தகடாக விரியும், பைரைட்டு நொறுங்கும், அப்பிரகம் ஏடு ஏடாகப் பிரியும். மெருகிடாத வெண்பீங்கானில் உரைத்தால் பொன் மஞ்சட் கோடு இடும். பைரைட்டு பசுமை கலந்த கருங்கோடு இடும். நிழலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், அப்பிரகம் ஒரு பக்கம் ஒளிர்ந்து மறு பக்கம் மங்கும். பொன் எப்பக்கத்தும் ஒரே நிறம் காட்டும். இத்துணை எளிய சோதனைகள் இருப்பவும், அறிவுடையார் பலர் ஏமாறுவது என்னை?

ஈண்டே உண்மையான வினா எழுகின்றது. இப்பியை வெள்ளியெனக் காண்பது போல ஒன்றைப் பிறிதொன்றாகக் காணுதலைத் திரிபுக் காட்சி என்று அளவை நூலார் கூறுவர். காக்கைப்பொன் மின்னுகின்றது, அது மெய். கண் அம்மின்னலைக் காண்கின்றது, அதுவும் மெய். இது பொன் என்னும் துணிபு மட்டுமே பொய். அத்துணிபு கல்லினின்றும் வந்ததன்று, கண்ணினின்றும் வந்ததன்று, பொன்னாதல் வேண்டும் என்னும் விருப்பினின்றும் வந்தது. விருப்புடையான் முதற் சோதனையில் மாறான விடை வரின், இரண்டாவது சோதனையை நாடுகின்றான். அதிலும் மாறாயின், சோதித்தவனையே ஐயுறுகின்றான். உரைகல்லுக்கு இவ்விருப்பு இல்லை. அரசன் அணிகலத்தையும் ஏழையின் மூக்குத்தியையும் அஃது ஒரே தன்மையாகத் தன்மேல் ஏற்று, உள்ள மாற்றை உள்ளவாறே காட்டுகின்றது. ஆதலின் சோதிப்பானிடத்து முதலில் வேண்டப்படுவது கருவியன்று, நடுவு நிலைமையே.

இஃது ஒருவர் இருவர் அளவில் நிகழ்வதன்று. நீலகிரி மாவட்டத்திற் கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர்ப் பக்கங்களில், மலைவாழ் பழங்குடியினர் ஆற்று மணலை அரித்துச் சிறிது சிறிதாகப் பொன்னெடுத்தல் பண்டைய வழக்கு. 1879-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிற் பொன்வயல் கண்டு பழகிய பிரௌ ஸ்மித் என்பவரை அரசினர் வருவித்து அந்நிலத்தை ஆராயச் செய்தனர். அதனை அடுத்து இலண்டன் மாநகரிற் பல கம்பெனிகள் தோன்றின. பல இலட்சம் பவுன் முதலாகத் திரண்டது. காப்பித் தோட்டங்கள் பொன்னிலம் என்னும் பெயரால் பெருவிலை பெற்றன. பொறிகள் மலைமேல் ஏற்றப்பட்டுப் பளிங்குக் கல் அரைக்கப்பட்டபோது, பொறுக்கி எடுத்த மாதிரிக் கல்லிற் கண்ட பொன் ஆலையிற் கிட்டவில்லை. சில ஆண்டுகளுள் எல்லாம் அடங்கின. பொறிகள் காட்டில் துருவேறிக் கிடந்தன. அந்நிலத்திற் பொன் இல்லாமலில்லை, சிறிது உண்டு. அச்சிறிதைப் பெரிதாகக் காட்டியது விருப்பே. வளமான துண்டைப் பொறுக்கி அதுவே மலை முழுமைக்கும் மாதிரி என்று கொண்டது, பொன்னைத் தேடிய செயலன்று. தம் ஆசைக்குச் சான்று தேடிய செயலாகும்.

இதற்கு நேர்மாறானதும் ஒன்றுண்டு. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார், பல்லாவரத்திற் சரளை தோண்டிய குழியொன்றிற் கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது பொன்னுமன்று, மணியுமன்று. ஆயினும் அதன் இருபுறச் செதுக்கல் இயற்கையாய் அமைந்ததன்று, பழங்கால மனிதன் கையாற் செய்யப்பட்டது என அவர் தெளிந்தார். அவ்வாண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பாருடன் கொற்றலையாற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்கருவிகள் பலவற்றைக் கண்டார். அவ்விடத்துக் கருவிகளுட் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன என 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி நிறுவியது. அச்சரளையைத் தோண்டினாரும் மிதித்தாரும் எத்தனையோ பேர். தேடிய பொருள் இது என்னும் முன்முடிபு இல்லாத கண் ஒன்றே, கிடந்த பொருளைக் கிடந்தவாறு கண்டது.

இனி, முதலிற் கூறிய வினாவிற்கு வருதும் எனின், ஈண்டு ஒருவர் தடை நிகழ்த்தலாம்: பொன்னும் ஓடும் ஒப்பாதலே அடியார் நெறியாயின், பொன் இது, காக்கைப்பொன் இது எனச் சோதிக்கும் அறிவு சைவனுக்கு எற்றுக்கு? கல்லாராய்ச்சி பாச ஞானமேயன்றிப் பதி ஞானம் ஆகாதன்றோ? என்பது அத்தடை.

அதற்கு விடை நாயன்மார் வரலாறே கூறும். திருப்புகலூரில் திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரத் திருப்பணி செய்தருளுங்கால், உழவாரம் நுழைந்த இடந்தோறும் பொன்னும் நவமணியும் பொலிந்து விளங்குமாறு இறைவன் செய்தான். சுவாமிகள் அவற்றைப் பருக்கைக் கற்களொடு சேர வாரி வாவியில் எறிந்தார். ஈண்டுக் கருதற்பாலது ஒன்று. அவை பொன்னென்று சுவாமிகள் அறியாது எறிந்தாராயின், அச்செயலிற் பெருமை யாதுளது? அறியாது எறிந்தவன் இழந்தவனாவன், துறந்தவன் ஆகான். பொன்னைப் பொன்னென்றே அறிந்தமையால் அச்செயல் துறவாயிற்று. முற்றத்தில் வலம்வரும் அடியார் திருவடிக்குப் பருக்கையும் உறுத்தும், பொன்னும் உறுத்தும். அப்பணியளவில் இரண்டும் ஒன்றே. ஒப்பு அவற்றின் இயல்பில் உள்ளதன்று. பணியை நோக்கிய உள்ளத்தில் உள்ளது.

அச்சுவாமிகளே திருவீழிமிழலையில், வற்கடக் காலத்தில், நாள்தோறும் இறைவன் அளித்த படிக்காசை ஏற்று அடியாரை அமுது செய்வித்தருளினார். திருப்புகலூரில் எறிந்த கை திருவீழிமிழலையில் ஏற்றது. ஆங்குத் திருஞானசம்பந்த சுவாமிகள் பெற்ற காசு வட்டங் கொடுத்தே மாற்றப்பட வேண்டியதாயிற்று. அமுது சமைக்கப் பொழுது தாழ்ந்தது. அதனை அறிந்த பிள்ளையார், காசு குறை நீங்குமாறு பதிகம் பாடி நற்காசு பெற்றார். நன்மையும் குறையும் உடைய காசுகளைப் பிரித்தறிதல் அடியார் பசி தீர்க்கும் பணிக்கு இன்றியமையாததாயிற்று.

சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். திருமுதுகுன்றத்திற் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுக்கப் புகுமுன், மாற்றறிதற்பொருட்டுச் சிறிது பொன்னை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தினின்றும் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்து காணப்பட்டது, மீண்டும் பாடினார், மாற்று ஒத்தது. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்னும் திருநாமம் இவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டுகின்றது. இறைவன் தந்த பொன்னையும் உரைத்துப் பார்த்தல் அன்புக்கு இழுக்கென்று நம்பியாரூரர் கருதவில்லை. உள்ளதை உள்ளவாறு அறிதல் அருளுக்குப் பகையாகாது என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, ஒப்ப நோக்குதல் என்பது அறிவின் மழுக்கமன்று. சித்தாந்த நூல்கள் இதனை இருவினையொப்பு என்னும் பெயரால் விளக்கும். நல்வினைப் பயனாய் வரும் இன்பத்தையும் தீவினைப் பயனாய் வரும் துன்பத்தையும், இன்பம் இன்பமென்றும் துன்பம் துன்பமென்றும் ஆன்மா அறியாதிருத்தல் இருவினையொப்பு ஆகாது. ஒன்றில் விருப்பும் மற்றொன்றில் வெறுப்பும் கொண்டு இழுக்கப்படாது, அவற்றைச் சமமாக ஏற்கும் உள்ளநிலையே இருவினையொப்பு. பொருள்களின் வேற்றுமை பொருள்களிடத்தே நிற்கும். ஒப்புமை ஆன்மாவினிடத்தே நிகழும். ஆதலின், வேறென்று அறிந்ததனை ஒன்றென்று கொள்ளுதல் பொய்யன்றோ என்னும் ஐயமும் நீங்கிற்று. மெய்யடியார் ஓடு பொன் என்றோ, பொன் ஓடு என்றோ கூறுவாரல்லர்; இரண்டும் தம்மை இழுக்க மாட்டா என்பதே அவர் நிலை.

இன்னும் நுணுகி நோக்கின், மெய்யாக அறிதற்கே அவ்வொப்பு வேண்டப்படுவது விளங்கும். ஆன்மா பளிங்கு போலச் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பொன்னாசையைச் சார்ந்த அறிவு பொன்னிறமாகவே எதனையும் காணும். ஆணவ மலம் செம்பிற் களிம்பு போல ஆன்மாவை அநாதியே பற்றி நின்று, யான் எனது என்னும் முனைப்பை எழுப்புகின்றது. மாயையின் காரியமாகிய கண்ணும், கண்ணுக்குத் துணையாகிய உருப்பெருக்கியும் இருளில் ஏற்றிய விளக்கு போல்வன. விளக்கைப் பெரிதாக்கினும் கண்ணின் படலம் நீங்காது. எனதாதல் வேண்டும் என்பது மிகுந்தவிடத்து, இஃது யாது என்பது குன்றும். பொன்னை வேண்டாதவனே பொன்னைப் பிழையின்றி உரைப்பான். துறவு அறிவுக்குப் பின் வருவது. அன்றியும் அறிவைத் தூய்தாக்குவதும் அதுவே.

இவ்விடத்து மற்றொரு தடை எழும். உள்ளத்து விருப்பை மெய்யெனக் கொள்ளுதல் மயக்கமாயின், திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் செயல் யாதாம்? இல்லாத பொன்னை உள்ளதாக எண்ணிக் கோயில் எடுத்தவர் அவரன்றோ? என்பர்.

நாயனார் சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார், எங்கும் கிடைக்கவில்லை. ஆவடிக்கு மேற்கே உள்ள அம்மண்ணே அவர் தேடிய மண். பின்னர், மனத்தினாலே சிறிது சிறிதாகப் பொருள் ஈட்டி, கருவியும் தச்சரும் தேடி, நன்னாளில் அடிநிலை இட்டு, இரவும் துயிலாது எழுப்பி, சிகரமும் தூபியும், கிணறும் மதிலும் குளமும் முறைவழாது அமைத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோமான் குறித்த நாளிலேயே இவரும் பிரதிட்டைக்கு நாள் குறித்தார். இறைவன் அரசன் கனவில் எழுந்தருளி, நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்துள் நாளை புகுவோம், நீ நாளை மாற்றுக எனப் பணித்தருளினான். அரசன் திருநின்றவூருக்கு வந்து வினவ, அங்ஙனம் ஒரு கோயில் இல்லை என்றே ஊரார் விடையிறுத்தனர்.

பொன் தேடி ஏமாந்தவனும் பூசலாரும் இல்லாததை எண்ணினர் என்பது புறநோக்கு. வேறுபாடு இரண்டிடத்து உள்ளது. பூசலார் முதற்கண், தம்மிடம் பொருள் இல்லை என்னும் உண்மையை உள்ளவாறே ஏற்றார். தேடிக் கிடையாமையை மறைக்கவில்லை. கிடைத்த ஓட்டைப் பொன்னென்று தமக்கும் பிறர்க்கும் கூறவில்லை. தம் மனக்கோயிலைப் புறத்தே உள்ளதென்று ஒருவரிடத்தும் சாற்றவும் இல்லை. இல்லை என்னும் உறுதியான அடிநிலைமேலேயே அக்கோயில் எழுந்தது. இஃது ஒன்று. மற்றொன்று, எண்ணப்பட்ட பொருளின் இயல்பு. பொன் சடம், ஒருவன் எண்ணுதலை அஃது அறியாது, எத்துணைக் காலம் எண்ணினும் காக்கைப்பொன் ஒரு மாற்றும் ஏறாது. சிவமோ பேரறிவுப் பொருள். உயிர்க்குயிராய் உள்நின்று எண்ணத்தை அறிந்து ஏற்பது. அறியாப் பொருளிடத்து எண்ணம் மயக்கமாய் முடியும்; அறியும் பொருளிடத்து அதுவே வழிபாடாய் முடியும். பூசலார் எண்ணத்தை அறிவான் ஒருவன் இருந்தமையால் அரசன் நாள் மாற்றினான்.

ஆதலின் அம்பத்தூர், ஆவடிப் பக்கங்களிற் கல்லை ஆராய்வார் அவ்வாராய்ச்சியை விடுதல் வேண்டா. கல்லின் இனம் அறிதல் இறைவன் ஆன்மாக்களின்பொருட்டு மாயையினின்றும் தோற்றுவித்த உலகை அறிதலாகும். ஏரிக்கரையையும் பிறர் நிலத்தையும் கோயில் நிலத்தையும் ஆசையால் அகழ்தலே தவிர்க்கப்படுவது. அது தீவினையுமாம், 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்துக்கு மாறாகப் பொன் அகழ்தலும் குற்றமாம். கையில் எடுத்த கல்லை, இது பொன்னாயினும் ஆகுக, அன்றாயினும் ஆகுக என்னும் உள்ளத்தோடு நீரிலிட்டுச் சுழற்றி, தட்டி, உரைத்துப் பார்த்து, அப்பிரகமாயின் அப்பிரகம் என்று வருந்தாது கூறுதல் சிறிய செயலே. எனினும் யான் எனது என்னும் முனைப்பு அந்நொடியில் ஓரணுவளவேனும் அடங்குகின்றது. அவ்வடக்கம் கல்லினிடத்துப் பழகினால் சொல்லினிடத்தும் பழகும். தன் வினையையும் தன் குற்றத்தையும் நோக்குமிடத்தும் பழகும். பிறர் பொன்னை உரைத்துப் பார்ப்பார் பலர். தம்மை உரைத்துப் பார்ப்பார் சிலர்.

பொன்னை அறிதல் அறிவின் கடன். பொன்னால் இழுக்கப்படாமை அன்பின் பயன். முன்னையது இன்றிப் பின்னையது பேதைமை. பின்னையது இன்றி முன்னையது வாணிகம். இரண்டும் கூடியவிடத்தே உழவாரமும் உரைகல்லும் ஒரு நெறியின் கருவிகளாயின. திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் என்னும் திருநாமத்தோடு பெருமான் எழுந்தருளியுள்ளான். அம்மண்ணில் நாயனார்க்குப் பொன் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று தெளிந்த உள்ளத்திற் கோயில் கிடைத்தது.

திருச்சிற்றம்பலம்